மாமிக்குத் திரும்பி வந்த மணம்

உங்கள் மாமியின் மூக்கின் மேல் இருந்த எலும்புக்குப் போட்ட அந்த வெள்ளை மாக்கட்டு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மாமி என்றால் என் தங்கச்சி. கிணற்றடியில் கை நழுவி, தண்ணீர் அள்ளும் துலா திரும்பி வந்து அவள் முகத்தில் அடித்துவிட்டது. முதல் ஒப்பரேசனில் எலும்பு சரியாகப் பொருந்தவில்லை. மூச்சு அடைத்தது, மணம் தெரிவதும் போய்விட்டது. ஆகவே கொழும்பிலே இரண்டாம் முறையும் செய்வித்து, எங்கள் ஊர் மயிலிட்டிக்குக் கூட்டிவந்தோம்.

வீக்கம் வற்ற மாதக்கணக்காகும், வடிவைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மணம் திரும்பாவிட்டால்தான் மறுபடியும் திறந்து பார்க்க வேண்டிவருமாம். மாக்கட்டை எடுத்த பிறகு, கடலுக்குப் போகிறவரான மச்சான், அவள் கணவர், பாய்மரம் பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தினமும் அந்த மூக்கைப் பார்ப்பார்.

“சோளகக் காத்து அடிச்ச மாதிரி ஒரு பக்கம் சரியுது.”

“உங்கடை வள்ளத்தைவிட நேராய்த்தான் கிடக்கு,” என்பாள் அவள்.

கோணலை அவள் பொறுத்துக்கொள்வாள். கருவாட்டை மணந்து பார்த்தே நல்லது கெட்டது பிரித்து விற்கிறவள். மணம் இல்லாமல் என்ன செய்வாள்? “அண்ணை, எனக்கு ஒண்டும் மணக்குதில்லை. இன்னொருக்கால் கத்திக்குக் கிடக்க என்னாலை ஏலாது,” என்று என்னிடம் அழுதாள்.

மணப்பதற்கு எங்கள் வீட்டில் என்ன இருந்தது? காயத்துக்கு மீன் கிரந்தி, புண் ஆறாது, அதன் வெடுக்கு மணம்கூடப் படக்கூடாது என்று அம்மா எல்லாவற்றையும் வாசல் படலையோடு நிறுத்தியிருந்தார். வலையும் கருவாடும் கடற்கரையிலேயே கிடந்தன. கடலால் வந்தவர்கள் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். குசினியில் பருப்பும் பூசணியும்தான், தாளிதம்கூட இல்லை. இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பருப்புத் தின்று நாக்குச் செத்துப்போன மச்சான் ஒருநாள் திருக்கை மீன் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பின் வேலிப் பொட்டால் நுழைந்தார். அம்மா காணவில்லை. ஆனால் சாத்தியிருந்த அறைக்குள்ளிருந்து தங்கச்சியின் குரல் வந்தது.

“அம்மா, உவர் திருக்கை கொண்டந்திட்டார்.”

அம்மா அகப்பையோடு ஓடிவந்தார். ஏச வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“எடி பிள்ளை, உனக்கு மணந்ததே?”

“ஓம் அம்மா. நேற்றையான் மீன்.”

“இண்டைக்குப் பிடிச்சது,” என்றார் மச்சான். அவரை யார் கேட்டார்கள்?

அவள் மூக்கு இன்றைக்கும் கொஞ்சம் சரிவுதான். நீங்கள் சிரிக்கிறீர்கள், அவளும் கூடச் சிரிக்கிறாள். மூன்றாம் ஒப்பரேசன் தேவைப்படவேயில்லை. அன்று மத்தியானம் அம்மாவே அந்தத் திருக்கையைச் சமைத்தார். தங்கச்சிக்கு அப்போதும் பருப்புத்தான். ஆனால் அவள் குசினி வாசலில் வந்து குந்தி, மெல்ல மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

“மிளகு காணாது, அம்மா.”

அம்மா இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டார்.