தேயிலையோடு போன பிள்ளையார் சுழி

எங்கள் குடும்பத்தில் படித்து, இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அங்கே புதிய கணினி முறை வந்தது. ஏற்றுமதி விவரத்தை நான் ஒரு தடவை பதிந்தால் போதும், சுங்கம், கப்பல் கம்பனி, வெளிநாட்டில் வாங்குபவர் எல்லோருக்கும் அந்த நொடியே போய்விடும். முதல் பதிவாயிற்றே என்று, தேயிலை ரகத்தைக் குறிக்கும் எழுத்துகளைக் கேட்ட கட்டத்தில் பக்தியோடு ஒரு 'உ' போட்டுத் தொடங்கினேன்.

எங்கள் தேயிலை ஏற்றிய கொள்கலனைச் சுங்கக்காரர்கள் துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். கப்பலோ அன்று சாயங்காலம் புறப்படுகிறது. எங்கள் மேனேஜர் தொரை என் தலைக்குமேலேயே நின்றார். அப்போது சுங்கத்திலிருந்து யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் போனில் வந்தார்.

"தம்பி, 'உ' எண்டு ஒரு ரகம் எங்கட பட்டியலில இல்லையே? வாங்கிற ஆள் அந்த ரகத்துக்குச் சாம்பிளும் கேக்கிறார்."

"ஐயா, அது ரகம் இல்லீங்க. பிள்ளையார் சுழிங்க."

அவர் வெடித்துச் சிரித்தார். "பிள்ளையாரை ஏற்றுமதி செய்ய வேற அனுமதி வேணும், தம்பி. அழிச்சுப்போட்டு இப்பவே திரும்ப அனுப்புங்கோ. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அனுப்பினேன். கொள்கலன் கப்பல் ஏறிவிட்டது. தொரை மட்டும், "சாம்பிளுக்கு இப்ப நான் பிள்ளையாருக்கு எங்கப்பா போறது?" என்றார்.

இத்தனை கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தும், அந்த 'உ' என்ன என்று கேட்க ஒரு மனிதர்தான் போனை எடுத்தார். இன்றும் வேலை தொடங்கும்முன் சுழி போடுகிறேன், விரலால், மேசைமேல்.