பதறாமல் இன்னொரு முறை

அக்கா போன பிறகு, போனில் வேண்டுமென்றே தப்பான கடவுச்சொல்லைப் போடும் பழக்கம் எனக்கு வந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, செய்திச் செயலியைத் திறந்து, கைக்கு வந்ததைத் தட்டுவேன். திரையில் இப்படி வரும்: "இது இல்லை. பதறாமல் இன்னொரு முறை பாருங்கள்." அதை எழுதியவள் அக்கா.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் தட்டச்சு செய்தாள். நான் தையல்காரி. முன்னறை என் கடை, பின்னறையில் எங்கள் இரண்டு கட்டில்கள். இருவருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை, அதற்காக இருவரும் மூக்கைச் சிந்தவும் இல்லை. தெருவில் பாதிப் பேருடைய சர்க்கரை அளவு அவளுக்குத் தெரியும், மீதிப் பேருடைய இடுப்பளவு எனக்குத் தெரியும். நான் ஓட்டை வாய். அவளோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவள். "எதிர்வீட்டுக்காரருக்கு என்னக்கா?" என்று நோண்டினால், "உனக்குத் தைக்கத் துணி இல்லையா?" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் பெயராது.

ஒருநாள் நிலையத்தின் முதலாளி, ரிப்போர்ட்டைப் போனுக்கே அனுப்புகிற செயலி ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று வாயெல்லாம் பல்லாக வந்து அதைப் போட்டுவிட்டார். கொஞ்ச நாளில் ஒரு பெண் அக்காவின் மேசை முன் வந்து நின்றாள். மருந்து விற்கிற யாரோ அவளுக்கு போன் செய்து, அவளுடைய நோயின் பெயரைச் சொல்லிப் பேசியிருக்கிறார்கள்.

"என் வீட்டுக்காரர்கிட்டகூட நான் இன்னும் சொல்லலை. கண்டவனுக்கு எப்படிங்க தெரிஞ்சுது? நீங்கதானே டைப் பண்ணீங்க?"

அக்கா அன்று வந்து சாப்பாட்டைத் தொடவில்லை. "அவ என்னைத்தாண்டி சந்தேகப்பட்டா," என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வெறி பிடித்தது. எந்தச் செயலி யாரிடம் எதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது என்று தேடித்தேடிப் படித்தாள். முதலில் மாட்டியது நான்.

"டார்ச் லைட்டு ஆப்புக்கு உன் கஸ்டமர் நம்பரெல்லாம் எதுக்குடி?"

"எனக்கென்ன தெரியும்? கேட்டுச்சு, சரின்னு குடுத்தேன்."

"யார் கேட்டாலும் குடுத்துடுவியா?"

என் கடைக்கு வரும் பெண்கள், தைத்த உடையைப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் நின்று படமெடுத்து அனுப்புவார்கள். இங்கே பிடிக்கிறது, அங்கே தொங்குகிறது என்று குறிப்பும் வரும். அதெல்லாம் எந்தப் பூட்டும் இல்லாமல் போனில் கிடப்பதைப் பார்த்து அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கடைக் கணக்குக்கு வைத்திருந்த கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, யாரும் காசில்லாமல் எடுத்து ஆராயக்கூடிய கட்டற்ற இயங்குதளம் ஒன்றை ஏற்றினாள். படங்கள் வருவதற்கு என்று போனில் ஒரு செய்திச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் தவிர நடுவில் யாரும் பார்க்க முடியாதாம். அது எப்படி வேலை செய்கிறது என்பது முழுவதும் யாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறதாம்.

"திறந்து கிடக்கிறது எப்படிக்கா பத்திரமா இருக்கும்?"

"நீ ஒரு சட்டை வாங்கினா உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பல்ல? திருப்பவே விடமாட்டேன்னு கடைக்காரன் சொன்னா வாங்குவியா?"

கையிலிருந்த சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

அந்தச் செயலி தமிழில் அரைகுறையாகத்தான் இருந்தது. கூலி வாங்காமல் அதைத் தமிழாக்குகிறவர்கள் ஒரு குழுவாக இருந்தார்கள். அக்கா அதில் சேர்ந்தாள். அங்கேயும் பெயரைச் சொல்லவில்லை. என் மேசையில் கிடந்ததைப் பார்த்து 'நூல்கண்டு' என்று வைத்துக்கொண்டாள். விடுமுறை நாளில் நான் மிஷின் மிதிக்க, அவள் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுவாள். 'தவறான கடவுச்சொல்' என்ற வரி மட்டும் அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

"கை நடுங்கிட்டு ரிசல்ட் வாங்க வர்றவங்க ரசீதை மாத்திக் குடுப்பாங்க. நான் 'தப்பு'ன்னா ஆரம்பிப்பேன்?"

"பின்னே என்ன சொல்லுவ?"

"இது இல்லைங்க, பதறாம இன்னொரு தடவை பாருங்கன்னு சொல்லுவேன்."

அதையே எழுதினாள். அதற்குப் பிறகு நான் கடவுச்சொல்லை மறந்து முழிக்கும்போதெல்லாம், "பார்த்தியா, உனக்காகத்தான் எழுதினேன்," என்று பின்னறையிலிருந்து குரல் வரும்.

அவளுடைய ரத்தத்தையும் அதே நிலையத்தில்தான் சோதித்திருக்கிறார்கள். அந்த ரிப்போர்ட்டையும் அவளே தட்டச்சு செய்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லவில்லை. அவள் குளியலறையில் மயங்கி விழுந்த அன்று மருத்துவர் சொல்லித்தான் நோய் முற்றிவிட்டது எனக்குத் தெரியும்.

"ஊர் ரகசியத்தைக் காப்பாத்து, வேண்டாங்கலை. நான் ஊராக்கா?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கத்தினேன்.

"உன் கையில அவ்வளவு வேலை இருந்துச்சேடி," என்றாள்.

அந்தப் பதிலை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

அவள் குரல் எங்கேயும் பதிவாகி இல்லை. படங்களும் ஒன்றிரண்டுதான். தேவையில்லாததைச் சேர்த்துவைக்காதே என்று எனக்குச் சொன்னதைத் தன் விஷயத்திலும் ஒழுங்காகச் செய்துவிட்டாள் மகராசி. மிச்சம் அந்தச் செயலியில் இருந்த வரிகள்தான். அதனால்தான் கைக்கு வந்ததைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் கவுனுக்கு அளவு கொடுக்க வந்தார். தன் போனில் அந்தச் செயலியைத் திறக்கும்போது அவருக்குக் கை தவறிவிட்டது. அவர் திரையில் "தவறான கடவுச்சொல். மீண்டும் முயலவும்" என்று வந்தது.

"உங்க போன்ல ஏன் டீச்சர் இப்படி வருது?"

"நேத்து அப்டேட் பண்ணேன். நீங்க பண்ணலையா? படங்களை வெளியாளுங்க பார்க்கிற மாதிரி ஏதோ ஓட்டையாம். இப்போ அடைச்சிட்டாங்களாம்."

என் போனும் அதைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சோம்பலில் 'பிறகு' என்பதைத் தட்டிவந்தேன். அன்றிலிருந்து தெரிந்தே தட்டினேன். ஓட்டை தெரிந்த அன்றே தைத்துவிட வேண்டும் என்று அக்கா நூறு முறை சொல்லியிருக்கிறாள். தைத்தால் அவள் போய்விடுவாள், நான் என்ன செய்ய?

அந்த வரியை ஏன் மாற்றினீர்கள் என்று தமிழாக்கக் குழுவுக்கு எழுதிக் கேட்டேன், கொஞ்சம் காரமாகவே. பதில் மரியாதையாக வந்தது. எல்லா இடத்திலும் ஒரே நடை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்களாம். பழைய வரிகள் அழியவில்லை, செயலியின் பழைய பிரதிகளில் அப்படியே இருக்கின்றன, யாரும் போய்ப் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். கடைசியில், "நூல்கண்டு சார் நலமா? ரொம்ப நாளாக அவரைக் காணவில்லையே," என்று ஒரு வரி. சார் என்பதைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்தபடியே அழுகை வந்தது. 'இனி வர மாட்டார்' என்று மட்டும் பதில் போட்டேன். சாரா, அக்காவா என்று அவளே சொல்லாததை நான் யார் சொல்ல?

பழைய பிரதியைப் போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் பார்ப்பது வேறு. நான் தப்புப் பண்ணுகிற நேரத்தில் அவள் சொல்ல வேண்டும்.

அப்படியே தள்ளிக்கொண்டு வந்தேன். அதற்குள் ஒரு பெண், நாலைந்து வருடமாக என்னிடம் தைக்கிறவள், செய்தி அனுப்பினாள். மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு பக்கம் எடுத்துவிட்டார்களாம். வேலைக்குத் திரும்ப வேண்டும், சட்டைகளை எல்லாம் மாற்றித் தைக்க வேண்டும். கடைக்கு வர அவளுக்குக் கூச்சம்.

"படம் எடுத்து அனுப்பட்டுமா அக்கா? வேற யாரும் பார்க்க மாட்டாங்கல்ல?"

அக்கா என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அக்காவின் மேசை முன் நின்று கேட்ட அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் என் அக்கா அத்தனையும் படித்தாள்.

செயலியை மூடி, மறுபடி திறந்து, கடைசியாக ஒருமுறை தப்பாகப் போட்டேன். அக்கா சொன்னாள். பிறகு அப்டேட்டைத் தட்டினேன். ஒரு பட்டன் தைக்கிற நேரம்கூட ஆகவில்லை. செயலி புதிதாகத் திறந்து கடவுச்சொல்லைக் கேட்டது. கண்ணீர் மறைத்ததில் இந்த முறை நிஜமாகவே தப்பாகிவிட்டது.

"தவறான கடவுச்சொல். மீண்டும் முயலவும்."

பின்னறையில் சத்தமில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பதறாமல், இன்னொரு முறை பார்த்துப் போட்டேன். திறந்தது. படம் அனுப்பட்டுமா என்று கேட்டவள் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"அனுப்பும்மா. வேற யாரும் பார்க்க மாட்டாங்க," என்று எழுதினேன்.