அக்கா தேய்த்துக் கொடுத்த கிளாம்புகள்

எங்கள் அக்கா இல்லாத முதல் வருடம் கழிந்துவிட்டது. அவரை நினைத்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, ஒரு குத்தகை விவசாயியின் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. அப்பா சீக்கிரமே போய்விட்டார். நர்சிங் படிக்கப் போகிறேன் என்றதும், "ரத்தத்தையும் சீழையும் தொடுற பொண்ண எவன் கட்டுவான்?" என்று சொந்தத்திலேயே கேட்டார்கள். "கட்டுறவன் வரும்போது வரட்டும். எனக்கு இப்ப காலேஜுக்கு பஸ் வந்துரும்" என்று கிளம்பியவர் அக்கா. படித்து முடித்து, பட்டுக்கோட்டையில் ஒரு சிறிய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டராக, உடம்பு முடியாமல் போகும்வரை வேலை பார்த்தார்.

வீட்டிலும் தியேட்டர் பேச்சுதான். சோறு பிசைந்துகொண்டே சொல்வார்: "ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் பாக்கக் கத்தரிக்கோல் மாதிரி இருக்கும் தம்பி. ஆனா வெட்டாது, கவ்வும். ரத்தம் பீறிடுற குழாயப் புடிச்சு அழுத்துனா, கைப்புடியில இருக்கிற பல்லு ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கும். நீ கைய எடுத்தாலும் அது விடாது."

"எங்க அண்ணியும் அந்த ரகந்தான், புடிச்சா விட மாட்டாங்க" என்பாள் என் மனைவி. அக்கா சிரித்துவிடுவார்.

அந்த மருத்துவமனையில் ஆயுத பூசைக்குத் தியேட்டர் கருவிகளையும் சாமி முன் வைப்பார்கள். தேய்ந்தவை, முனை மழுங்கியவை மட்டுமே பூசைக்கு. நல்லவை சுத்திகரித்து, மூடிய டிரம்மில் தயாராக இருக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். எங்களுக்குக் கல்யாணமான மறு வருடம் புதிதாக வந்த ஆயாம்மாவுக்கு அது ஒப்பவில்லை. சாமிக்குப் போய் ஓட்டை உடைசலையா வைப்பது? அக்கா சாப்பிடப் போன நேரத்தில் டிரம்மைத் திறந்து, நல்லவற்றுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்.

அன்று பிற்பகல்தான் என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். அக்காவின் மருத்துவமனைக்கே தூக்கிக்கொண்டு ஓடினேன். கரு கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கி, அது வெடித்து, உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. "தஞ்சாவூருக்குக் கொண்டு போயிடலாமா?" என்று கேட்டேன்.

"அவ்வளவு தூரம் தாங்காது. இங்கயே திறக்கணும்" என்றார் டாக்டரம்மா.

அக்கா டிரம்மைத் திறந்தார். காலி.

அழுதபடி பூசைத் தட்டைக் கொண்டுவந்தார் ஆயாம்மா. அக்கா திட்டவில்லை. "அழுவுறத அப்புறம் வச்சுக்குங்க. இப்ப பிரஷ்ஷ எடுங்க." கத்தி, வயிற்றுச் சுவரை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர், தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர், பிறகு ரத்தக் குழாயைக் கவ்வும் அந்தக் கிளாம்புகள் என்று உயிருக்கு வேண்டியதை மட்டும் பிரித்தார். தியேட்டர் வாசல் குழாயடியில் நின்று ஒவ்வொன்றையும் விரித்து, கீலிலும் பல்லிலும் தேய்த்தார். சிவப்பாகத் தண்ணீர் ஓடியது.

"போதும்க்கா, குடுத்துடுக்கா!"

"போதாது. பல்லுக்குள்ள சந்தனம் காஞ்சிருந்தா கிளாம்பு பூட்டாது. பூட்டாட்டி ரத்தம் நிக்காது. உள்ள படுத்திருக்கிறது உன் பொண்டாட்டிடா. தள்ளி நில்லு."

தேய்த்தவற்றை, நேரம் மிச்சமாகட்டும் என்று துணியில் பொதியாமல் அப்படியே ஆட்டோகிளேவில் வைத்து நீராவி ஏற்றினார். அதற்குள் டாக்டரம்மா ரத்தத்துக்கும் மயக்க மருந்துக்கும் ஏற்பாடு செய்தார். பிறகு கதவைச் சாத்தினார்கள்.

முடித்து வெளியே வந்த டாக்டரம்மா, "பொழச்சிட்டாங்க. மொத கிளாம்பு பூட்டுன சத்தம் கேட்டப்புறந்தான் எனக்கே மூச்சு வந்துது" என்றார். அக்கா நேராக ஆயாம்மாவிடம் போனார். "சாமிக்கு நல்லதக் குடுக்கணும்னு நெனச்சீங்க, தப்பில்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்." அடுத்த பூசையிலிருந்து டிரம்மின் மூடிமேல் ஒரு பொட்டு வைத்துக்கொள்ள ஆயாம்மாவுக்கு அனுமதி கிடைத்தது, திறக்க மட்டும் கிடைக்கவில்லை.

கடைசியில் அக்காவுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. டயாலிசிஸ் அறைக்குள் யார் தோளிலும் சாயாமல் நடந்தே போவார். ஊசி போடத் தயங்கிய சின்ன நர்ஸிடம், "நான் பயப்படல, நீயும் பயப்படாத. ஒரே குத்தா குத்தும்மா" என்பார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் கார் எடுத்துவந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியம் முடியும்வரை அடுப்படியை விட்டு நகராத ஆயாம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவைக் குளிப்பாட்டி, ஊட்டி, கடைசிவரை கூடவே இருந்த என் மனைவியின் பெயரையும் இங்கே எழுதியிருந்தேன். "அண்ணிக்குச் செஞ்சதுக்கு எனக்கு நன்றியா? பேர எடுங்க மொதல்ல" என்று சண்டைக்கு வந்தாள். எடுத்துவிட்டேன். வாசலில் நின்று இந்த நினைவு மலரை உங்கள் கையில் கொடுப்பவள் அவள்தான்.