மூன்று நிமிடச் சாட்சி

ஆஸ்பத்திரிப் போர்வைகளையும் படுக்கை விரிப்புகளையும் வெளுத்து, இஸ்திரி போட்டு அனுப்பும் ஆலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் பாய்லரைக் கட்டி மேய்த்தவர் அவர். ஆலையில் 'பாய்லர்' என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அது விடவில்லை. கோபம் வந்தால் கொதிப்பார் என்பதால் வைத்த பெயர் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் அவ்வளவு சாதுவான ஆளைப் பார்ப்பது கஷ்டம். சாதுவான ஆட்கள் செய்து வைக்கிற காரியம் சில சமயம் முரடர்களுக்குக்கூட வராது, அது வேறு விஷயம்.

மனைவி இருபது வருடமாகச் சபைக்குப் போகிறவர். இவர் அவரை வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வண்டியில் சாய்ந்துகொண்டு பேப்பர் படிப்பார். ஓய்வு பெற்ற மறுவாரம் மனைவி பேப்பரைப் பிடுங்கினார்.

"வேலைதான் முடிஞ்சுபோச்சே, இனிமே என்ன சாக்கு சொல்லப் போறீங்க? நாளைக்கே உங்களுக்கு ஒண்ணுன்னா எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் பாஸ்டரைக் கூப்பிடுவேன்?"

அப்படித்தான் அவர் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தார். நாற்பது வாரம், ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் நடக்கும். முடிவில் முழுக்கு ஞானஸ்நானம். அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் அலமாரி, பாதி அழிந்த வெள்ளைப் பலகை. தெருக்கோடியில் ரயில்வே கேட். பன்னிரண்டு நாற்பதுக்கு ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், பேச்சு நிற்கும், போனபிறகு விட்ட இடத்தில் தொடரும்.

பாடம் எடுத்தவர் டீச்சரம்மா. முப்பத்தைந்து வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவர். கையில் சிவப்புப் பேனா, மேஜைமேல் மணி. ஐம்பது வயது ஆளையும் "கையைக் கட்டாதீங்க, தூக்கம் வரும்" என்று அதட்டுவார்.

முதல் நாளே ஜெபத் துணை பிரித்தார். வகுப்பு முடிகையில் பத்து நிமிடம், இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்க வேண்டும். ஐந்து ஆண்கள், ஐந்து பெண்கள். சோடி சேர்ந்தபின் ஆண்களில் பாய்லர் மிஞ்சினார். பெண்களில் ஒரு தையல்காரம்மா மிஞ்சினார்.

"இந்த வயசுல என்ன கூச்சம்? அண்ணன் தங்கச்சி மாதிரி உக்காருங்க" என்றார் டீச்சரம்மா.

தையல்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களை எனக்குத் தெரியும் பிரதர்" என்றார். "என் வீட்டுக்காரரை உங்களுக்கும் தெரியும்."

ஆள் யாரென்று பாய்லருக்குப் புரிந்தது; தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து விளையாட எனக்குப் பிடிக்காது. ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது இயந்திரத்துக்குள் ஃபிட்டர் இறங்கி வேலை பார்த்தால், பாய்லர் ஆள் அதற்குப் போகும் நீராவி வால்வை மூடி, அதன்மேல் சிவப்புத் தகரத் தகடு ஒன்றை மாட்ட வேண்டும். தகடு தொங்கினால் அந்த வால்வை எவனும் தொடமாட்டான். பதினோரு வருடம் முன்பு ஒரு மதியம், ஃபிட்டர் இஸ்திரி இயந்திரத்துக்குள் இறங்கியிருந்தார். பாய்லர் வால்வை மூடினார். தகட்டை ஆணியிலிருந்து எடுத்தார். அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன் வந்தது. மகளுக்குக் காய்ச்சல். தகட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசினார். பேசி முடித்ததும் மணியைப் பார்த்தார், ஷிப்டு முடிய ஐந்து நிமிடம்தான் இருந்தது. அப்படியே கிளம்பிவிட்டார்.

அடுத்த ஷிப்டுக்கு வந்தவர் தையல்காரம்மாவின் கணவர். வால்வு மூடியிருந்தது, தகடு இல்லை. வழக்கம்போலத் திறந்தார். உள்ளே இருந்த ஃபிட்டர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார், அவர்கள் ஆலையே வெளுத்து அனுப்பிய விரிப்பின்மேல்.

விசாரணையில் கேட்டது ஒரே கேள்விதான். தகடு மாட்டினீர்களா? "மாட்டினேன் சார்" என்றார் பாய்லர். "தகடே இல்லை சார்" என்றார் மற்றவர். மற்றவர்தான் தப்பிப்பதற்காகத் தகட்டைக் கழற்றி எறிந்திருப்பார் என்று முடிவு கட்டினார்கள். வேலை போனது, வழக்கு வந்தது, அதன்பிறகு எந்த ஆலையும் அவரைக் கேட்டுக்குள் விடவில்லை. சிவப்புத் தகடோ பாய்லர் வீட்டு அலமாரியின் அடித்தட்டில், விரித்த காகிதத்துக்கு அடியில் பதினோரு வருடமாகப் படுத்துக் கிடந்தது. அதைத் தூக்கி எறியவும் பாய்லருக்குத் துணிவில்லை.

வாரங்கள் ஓடின. தையல்காரம்மா சண்டைக்கு வரவில்லை, திட்டவில்லை. அதுதான் பாய்லரைக் கலக்கியது. எதிரே உட்கார்ந்து நிதானமாக ஏதாவது கேட்பார்.

"ராத்திரி தூக்கம் வருதா பிரதர்?"

"வருது சிஸ்டர். ஏதோ வருது."

"என் வீட்டுக்காரருக்கு வராது. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உக்காந்திருப்பாரு. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினா அதிகம். 'ஊரே நம்பலைன்னாலும் நீ ஒருத்தி நம்புறே, அதுலதான் என் உசுரு ஒட்டிக்கிட்டு இருக்கு'ன்னு ஒரு தடவை சொன்னாரு. சரி, ஜெபம் பண்ணுவோமா?"

எல்லாரும் கண்ணை மூடுவார்கள். ஒருநாள் பாய்லர் லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தார். தையல்காரம்மா கண்ணை மூடவே இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லர் படக்கென்று இமைகளை இறுக்கிக்கொண்டார். அன்றைக்கு என்ன ஜெபித்தோம் என்று அவருக்கே தெரியாது.

இருபத்திரண்டாம் வாரம் பாவ அறிக்கை பற்றிய பாடம். பாதி வகுப்பில் பாய்லருக்கு அழுகை முட்டியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, பிளாஸ்டிக் நாற்காலி குலுங்கக் குலுங்க அழுதார். வகுப்பே உருகிவிட்டது. பஸ் டிரைவர் ஒருவர் எழுந்து வந்து தோளில் கை வைத்தார். "இப்படி ஒரு நொறுங்கின மனசு எல்லாருக்கும் வரணும்" என்று டீச்சரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். எதற்காக அழுதார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார் என்று இப்போதும் சாதிக்கிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தையல்காரம்மா மட்டும் அன்று முழுவதும் ஏதோ யோசனையிலேயே இருந்தார்.

ஞானஸ்நான அங்கிகளைத் தைப்பது தையல்காரம்மாவின் பொறுப்பு. முப்பத்தாறாம் வாரம் எல்லாருக்கும் அளவெடுத்தார். பாய்லரின் முறை வந்தபோது டேப்பைக் கழுத்தில் சுற்றி, ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு" என்றார். "எச்சில் முழுங்காதீங்க பிரதர், அளவு மாறுது."

"பாக்கெட் வைப்பீங்களா சிஸ்டர்?" பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு கேட்டார்.

"தண்ணிக்குள்ள போற உடுப்புக்குப் பாக்கெட் எதுக்கு? எதைக் கொண்டுபோகப் போறீங்க?"

அலமாரியின் அடித்தட்டு இவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பாய்லருக்குச் சந்தேகம் வந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார். தகடு இருந்த இடத்தில் இருந்தது.

கடைசி வாரங்களில் சாட்சி எழுதும் வேலை. தொட்டியில் முழுகுமுன் ஒவ்வொருவரும் சபைக்கு முன்னால் நின்று, தங்கள் வாழ்க்கையில் நடந்த மாற்றத்தை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். மூன்று நிமிடம் தாண்டினால் மணி. நோட்டில் எழுதி டீச்சரம்மாவிடம் கொடுக்க, அவர் சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்தித் தருவார். பாய்லரின் சாட்சியில் சிகரெட்டை விட்டதும், முழங்கால் வலி குறைந்ததும் இருந்தன. "நல்லா இருக்கு, முழங்காலைக் கொஞ்சம் சுருக்குங்க" என்று எழுதியிருந்தார். தையல்காரம்மாவின் நோட்டோ மூன்று முறை போய் வந்தது. டீச்சரம்மா அவரைத் தனியே உட்காரவைத்து ரொம்ப நேரம் பேசினார்.

"உங்களைப் பத்தி எழுதியிருக்கேன் பிரதர்" என்றார் தையல்காரம்மா, கிளம்பும்போது.

அந்த வாரம் முழுக்க பாய்லருக்குச் சோறு இறங்கவில்லை. சபை முன்னால் போட்டு உடைக்கப் போகிறாள், வேறென்ன? முந்திக்கொள்ளலாம் என்று சனிக்கிழமை டீச்சரம்மாவுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு நான் முதல்ல பேசட்டுமா டீச்சரம்மா?"

"என்ன அவசரம்? லேடீஸ் முதல்ல, அதுதான் நம்ம வழக்கம்."

"சரிங்க" என்று வைத்துவிட்டார். வைத்தபிறகு, வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவளே சொல்லட்டும். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்க்கட்டும். நான் ஆமாம் என்று தலையாட்டிவிடுகிறேன். பதினோரு வருடமாகத் தன் வாயால் வராததை அடுத்தவர் வாயால் வரவழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். தகட்டை எடுத்துச் சாட்சிக் காகிதத்துக்குள் வைத்து மடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மழை. மேடைப் பலகைகளை எடுத்துவிட்டு அடியிலிருக்கும் ஞானஸ்நானத் தொட்டியை நிரப்பியிருந்தார்கள். பத்துப் பேரும் வெள்ளை அங்கியில் வரிசையாக நின்றார்கள். பாய்லர் கடைசி. ஆட்கள் வந்துகொண்டிருந்தபோது அவர் வாசலைப் பார்த்தார். தையல்காரம்மாவின் கணவர் உள்ளே வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நனைந்த குடையை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார்.

தையல்காரம்மா நான்காவதாகப் பேசினார். காகிதத்தைப் பிரித்து நிதானமாக வாசித்தார்.

"பதினோரு வருஷமா ஒருத்தரை நான் வெறுத்தேன். என் வீட்டுக்காரர் வாழ்க்கையை அழிச்சது அவர் சொன்ன பொய்தான்னு நம்பினேன். அவர் வாயிலேருந்து உண்மையைப் பிடுங்கணும்னுதான் இந்த வகுப்புக்கே வந்தேன். கர்த்தர் அவரையே எனக்கு ஜெபத் துணையா குடுத்தாரு. நாப்பது வாரம் எதிர்ல உக்காந்து பார்த்தேன். அவர் அழுததைப் பார்த்தேன். இப்படி ஜெபிக்கிற மனுஷன் பொய் சொல்லியிருக்க மாட்டாருன்னு தெரிஞ்சுக்கிட்டேன். என் வீட்டுக்காரர்தான் அன்னைக்கு ஏதோ மறதியில தப்புப் பண்ணியிருக்காரு. அதை ஒத்துக்கிற தைரியம் இத்தனை நாள் எனக்கு இல்லை. பிரதர், என்னை மன்னிச்சிடுங்க."

"ஆமென்" என்றது சபை. டீச்சரம்மாவின் கண் கலங்கியிருந்தது; அவர் மணியடிக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசி பெஞ்சில் அந்த மனிதர் எழுந்தார். அவசரமே இல்லாமல் எழுந்தார். மழைக்குள் நடந்து போனார், குடை பெஞ்சிலேயே சாய்ந்திருந்தது. அவர் போனதை பாய்லர் ஒருவர்தான் பார்த்தார். தையல்காரம்மா அப்போது கண்ணை மூடித் தண்ணீருக்குள் போயிருந்தார்.

அப்போதாவது கத்தியிருக்க வேண்டாமா? அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. ஐந்து பேர் பேசி, ஐந்து பேர் முழுகி எழும்வரை அவர் வரிசை கலையாமல் நின்றார். தன் முறை வந்ததும் தண்ணீரில் இறங்கி, காகிதத்தைப் பிரித்து, தகட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இதை நான் மாட்டலை. சட்டைப்பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அவர் சொன்னதுதான் உண்மை. பொய் சொன்னது நான்."

டீச்சரம்மா மணியை அடித்தார். அரை நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. எதையாவது அடித்து நிறுத்த வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், திரும்பத் திரும்ப அடித்தார். பாய்லரின் மனைவி இரண்டாவது வரிசையில் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

தையல்காரம்மா துவாலையோடு நின்றவர், தகட்டைப் பார்த்தார், அப்புறம் கடைசி பெஞ்சைப் பார்த்தார். குடையைக் கண்டதும் துவாலை கையிலிருந்து விழுந்தது. ஈர அங்கியோடு வாசலுக்கு ஓடினார்.

பாய்லர் தொட்டியிலிருந்து ஏறினார். பாஸ்டர் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. பெஞ்சிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு, இடுப்புவரை நனைந்த அங்கியோடு தெருவில் இறங்கினார். தெருக்கோடியில் கேட் மூடும் மணி கேட்டது. மணி பன்னிரண்டு நாற்பது. முழங்கால் வலியை மறந்து ஓடினார்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் அந்த மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தையல்காரம்மா அவர் சட்டையை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். பாய்லருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ரயில் போய் முடிந்தது.

"அவர் ஒத்துக்கிட்டாருங்க" என்று தையல்காரம்மா கதறினார். "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. தகடு அவர்கிட்டதான் இருந்துச்சு. உங்க மேல தப்பே இல்லைங்க."

கணவர் திரும்பவில்லை. அன்றைக்குப் பேச வேண்டிய நாலு வார்த்தையைவிட அதிகமாகவே பேசினார்.

"அவன் அழுதான்னு அவனை நம்பினே. இப்ப அவன் சொன்னான்னு என்னை நம்புறியா?"

கேட் திறந்தது. அவர் மனைவியின் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தண்டவாளத்தைக் கடந்து அந்தப் பக்கம் நடந்தார். தையல்காரம்மா அங்கேயே நின்றார். பாய்லர் பத்தடி பின்னால் குடையை விரித்துப் பிடித்தபடி, யாருக்கு நீட்டுவதென்று தெரியாமல் நின்றார்.