இல்லாத காலில் ஏறும் கனம்

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கிவிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். புனேயிலிருந்து பேத்தி தர்ஷினி வீடியோவில் வந்தாள். தினமும் வருவாள். தெருவைக் காட்டச் சொன்னாள். போனைத் திருப்பினேன்.

“தாத்தா, ஒரு கால்ல செருப்பக் காணோம்.”

குனிந்து பார்த்தேன். இடது காலில் இல்லை. எங்கே கழன்றதென்று தெரியாது. தார் ரோடு கொதித்தது. பாதம் கொப்புளித்திருந்தது. காலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எனக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை போட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். புண் ஆறவில்லை, கறுத்தது. டாக்டர் கேங்கிரின் (சதை அழுகிப்போவது) என்றார்.

“முழங்காலுக்குக் கீழ எடுத்தாத்தான் ஐயா உயிர் மிஞ்சும்.”

“எடுங்க,” என்றேன்.

புனேயிலிருந்து மகள் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். “பாப்பாகிட்ட சொல்லிடாதீங்கப்பா. பயந்துக்கும்.” அன்றிலிருந்து முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்தேன்.

எடுத்த பிறகுதான் அந்தக் காலில் வலி வந்தது. இல்லாத விரல்கள் மடங்கி இழுக்கும். மாயவலி (எடுத்த உறுப்பில் வருகிற வலி) என்றார் டாக்டர். “கால் போனது உங்க மூளைக்கு இன்னும் தெரியலங்க.”

இருந்தபோது செருப்பு கழன்றதுகூடத் தெரியாத கால் அது.

முன்பெல்லாம் லீவுக்கு வந்தால் தர்ஷினி சுவரைப் பிடித்துக்கொண்டு என் காலில் ஏறி மிதித்துவிடுவாள். மூட்டை தூக்கின அசதி போய்விடும்.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே இழுத்தது. முகம் கோணிவிட்டது.

“காலு வலிக்குதா தாத்தா? காட்டு.”

“ஒண்ணுமில்ல.”

“எப்பப் பாரு மூஞ்சியவே காட்டுற. அதென்ன அவ்ளோ அழகா?”

வேட்டியை விலக்கிக் காட்டினேன். போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். இனி போனுக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு வேறு யாரும் தினம் கூப்பிடுவதில்லை.

“எங்க வலிக்குது?”

“இல்லாத எடத்துல.”

போனைச் சாய்த்து வைத்தாள். தரையில் தலையணையைப் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறினாள்.

“இங்கயா?”

“கொஞ்சம் கீழ.”

மிதித்தாள். மடங்கின விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அவள் பாதத்தின் சூடு தெரிந்தது.

உங்களுக்கும் இப்படி வலி விட்டுவிடும் என்று சொல்லவில்லை. வலியை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள். முடியாவிட்டால் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகு அவர்களுக்கு ஊருக்கு வர வாய்க்கவில்லை. போனில் பார்க்கிற தர்ஷினி, அவள் அம்மாவின் தோள் உயரம் வந்துவிட்டாள்.

இப்போது மதியம் படுத்திருக்கும்போது, அவள் கூப்பிடாமலே காலில் கனம் ஏறுகிறது. கடைசி லீவில் இருந்த அதே கனம். காலில் ஏறுகிறவள் வளரவில்லை.

நான் அசையாமல் படுத்திருப்பேன். அசைந்தால் விழுந்துவிடுவாள்.