நைட் ஷிப்ட் வாரத்தில் எது காலை மாத்திரை?

மூன்று வருடங்களுக்கு முந்தைய கோடைக்காலம் அது. ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பெங்களூருக்குக் கொண்டுபோனோம். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். பெரிய கண்டம் தாண்டியாச்சு என்று குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தேன்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் சொன்னதில் ஒன்று மட்டும் என் மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையைக் காலையும் இரவும் போட வேண்டும், ஒருவேளைகூட விடக்கூடாது, விட்டால் வைத்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். பிரஷர் மாத்திரையும் அதே இரண்டு வேளை. நானும் காலையில் ஒரு செட், ராத்திரி ஒரு செட் என்று எண்ணிக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பேன். "வாயத் திறந்து காட்டட்டுமா?" என்று கிண்டல் பண்ணுவார். வீட்டில் ஓய்வாக இருந்தவரை ஒரு குழப்பமும் இல்லை.

வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. கம்பெனியில் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். முதல் இரண்டு வாரம் பகல் ஷிப்ட், சமாளித்துவிட்டோம். மூன்றாவது வாரம் நைட் ஷிப்ட். விடிந்து ஆறரை மணிக்கு வீட்டுக்கு வந்தார். சாப்பாடு போட்டுவிட்டுக் காலை மாத்திரையை நீட்டினேன்.

"ஏம்மே, நான் இப்பத்தான் படுக்கப் போறேன். தூங்குறதுக்கு முன்னாடி போடறது ராத்திரி மாத்திரைதானே? அதக் குடு" என்றார்.

"ஏங்க, வெளிய பாருங்க, வெயில் சுள்ளுன்னு அடிக்குது. இது காலை இல்லாம என்ன?"

"உனக்குக் காலை. எனக்கு இப்பத்தான் ராத்திரி."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், சட்டென்று விடமாட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. யாரைக் கேட்பது? பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டேன். "சோறு தின்னுட்டுப் போட்டா சரிதான் போ" என்றார். கடைசியில் அவர் வழிக்கே போனோம். தூங்கப்போகும்போது ராத்திரி மாத்திரை, மத்தியானம் எழுந்து சாப்பிட்டதும் காலை மாத்திரை. வாரம் அப்படியே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்து வந்து, ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினார். மத்தியானம் எழுந்து காலை மாத்திரை. மறுநாள் ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்பதால் ஊரோடு சேர்ந்து ராத்திரி ஒன்பதுக்கே படுத்தார். படுக்கும் முன் ராத்திரி மாத்திரை. திங்கள் விடியற்காலை எழுந்ததும் காலை மாத்திரை. கொடுத்ததெல்லாம் இந்தக் கையால்தான், ஒரு துளி சந்தேகம் வரவில்லை எனக்கு. கம்பெனி பஸ் பிடிக்கக் கிளம்பிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அவர் போனிலிருந்து அழைப்பு. பேசியது பஸ் டிரைவர், கன்னடக்காரர். "அக்கா, பயப்படாதீங்க. அண்ணா பஸ் ஸ்டாப்புல தலை சுத்தி பித்துட்டாரு. நாங்க பஸ்லயே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறோம், நீங்க சீக்கிரம் பந்துருங்க." பாதிக் கன்னடத்தில் அவர் சொன்னது 'விழுந்துட்டாரு' என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது. மறுபடியும் நெஞ்சுதான், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது, முடிந்தது கதை என்றே நினைத்தேன்.

ஆட்டோ பிடித்து ஓடினால், ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெரிய பஸ் நிற்கிறது. யூனிபார்ம் போட்ட ஆட்கள் எல்லோரும் இறங்கி வெளியே நிற்கிறார்கள். ஷிப்டுக்கு நேரமாகியும் ஒருவரும் போகவில்லை. இவரோடு பேசிப் பழகியவர்கள் அதில் நாலைந்து பேர் இருந்தாலே அதிகம். "அண்ணி, ஈசிஜி எடுத்துட்டாங்களாம், நல்லா இருக்குதாம்" என்று அவர்கள்தான் முதலில் சொன்னார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் அதுவரை வராத அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

உள்ளே ஒரு இளம் லேடி டாக்டர். இதயத்தில் கோளாறு இல்லை, பிரஷர்தான் ரொம்ப இறங்கியிருக்கிறது என்றார். "நேத்துலேர்ந்து என்னென்ன மாத்திரை குடுத்தீங்க?"

"காலைல ராத்திரி மாத்திரை டாக்டர். மத்தியானம் காலை மாத்திரை. ராத்திரி ராத்திரி மாத்திரை. இப்ப விடிகாலைல காலை மாத்திரை."

அவர் என்னையே பார்த்தார். "அம்மா, கொஞ்சம் மெதுவா, இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். சொல்லும்போதே எனக்குத் தலை சுற்றியது. படுத்திருந்தவர் திருத்தப் பார்த்து இன்னும் குழப்பினார். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். அப்புறம் டாக்டர், "நைட் ஷிப்டா? நானும் நைட் ட்யூட்டிதாங்க, இன்னும் வீட்டுக்குப் போகல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரே நாளில் நான்கு வேளை மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அதோடு விடவில்லை அவர். "பகல் ஷிப்ட்லேர்ந்து நைட்டுக்கு மாறின அன்னிக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். யோசித்தோம். அந்தத் திங்கட்கிழமை காலையில் போட்டார். ராத்திரி தூங்காமல் வேலைக்குப் போய்விட்டார், அதனால் போடவில்லை. மறுநாள் விடிந்து வந்துதான் அடுத்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது. "அதிகமா போட்டது தலைசுத்தலோட போச்சு. விட்டுப்போச்சு பாருங்க ஒருவேளை, அதான் எனக்கு பயம்" என்றார். இவர் மயங்கி விழாமல் இருந்திருந்தால் ஒவ்வொரு முறை நைட் ஷிப்டுக்கு மாறும்போதும் அந்த ஒருவேளை விட்டுப்போயிருக்கும், எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

பெங்களூர் டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு முடிவாகச் சொன்னார். தூக்கத்தைப் பார்க்காதீர்கள், வெயிலைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். எந்த ஷிப்டானாலும் எட்டு மணிக்கு ஒன்று, அடுத்த எட்டு மணிக்கு ஒன்று. தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள்.

அடுத்த செக்கப்புக்குப் பெங்களூர் போனபோது அந்தப் பெரிய டாக்டர், "ஷிப்ட் வேலைன்னு சொல்லவே இல்லையே நீங்க?" என்றார். இவர் அப்பாவியாக, "நீங்க கேக்கவே இல்லையே சார்" என்றார். டாக்டர் உடனே பேனாவை எடுத்து, சில மாதம் பகல் வேலை மட்டும் கொடுக்கச் சொல்லிக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

இப்போது மறுபடியும் ஷிப்டுக்குப் போகிறார். எட்டு மணிக்கு வேலையில் இருந்தால் சாப்பாட்டு இடைவேளையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் எடுக்கக்கூடாது, அதுதான் பேச்சு. ஸ்டென்ட் வைத்ததோடு வைத்தியம் முடிந்தது என்று பொங்கல் வைத்தவள் நான். இன்றைக்கும் எட்டு மணி ஆனால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போன் பக்கத்தில் போய் நிற்கிறேன், அது ஒரு தடவை அடித்து ஓய்ந்த பிறகுதான் என் மனுஷன் இருக்கிறார் என்று எனக்கு மூச்சு வருகிறது.