சுவிட்சை முதலில் காட்டுவது

1

மரியநாயகம் ஐயா காது மிஷினை என் மேசையில் வைத்தார். "இதைத் திருப்பி எடுங்கோ மிஸ்" என்றார்.

கொடுத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. காது கிளினிக்கில் இது அன்றாடம் நடப்பதுதான். இரைச்சல், காது நோகிறது, பற்றரி சரியில்லை என்று ஆயிரம் குறை சொல்லிக்கொண்டு வருவார்கள். நானும் மிஷினைத் திரும்ப அவர் காதில் மாட்டிவிட்டு, வழக்கமான பாட்டைப் பாடினேன். காலையில் போட்டால் படுக்கும்வரை கழற்றக் கூடாது, அப்போதுதான் பழகும், சத்தம் கேட்கும்.

"நல்லாக் கேக்குது. அதுதான் பிரச்சினை" என்றார்.

ஐயா குருநகர்க்காரர், கடற்றொழில். சண்டைக் காலத்தில் பக்கத்தில் ஷெல் விழுந்து இரண்டு காதும் போனவர். மிச்சத்தைக் கூட வந்த மகள் ஜெனிற்றா சொன்னாள். மிஷினைப் போட்டுக்கொண்டு போன மாதா கோயில் பெருநாளில் வெடி கொளுத்தியதும் ஐயா ஓடிப்போய் ஒரு வாங்குக்குக் கீழே படுத்துவிட்டாராம். ஜெனிற்றாவுக்கு அடுத்த கிழமை கலியாணம்.

"வெடி வேண்டாமெண்டு மாப்பிளை வீட்டுக்குச் சொல்லிப்போட்டன் மிஸ்."

ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆரைக் கேட்டுச் சொன்னனி? என்ரை பயத்துக்காக என்ரை பிள்ளையின்ரை கலியாணம் செத்தவீடு மாதிரி நடக்கிறதோ? வெடி இருக்கட்டும். நான் செவிடனாவே நிக்கிறன்."

"அப்ப ஃபாதர் கேக்கேக்கை நான் ஓம் எண்டு சொல்லுறது உங்களுக்குக் கேக்காதே அப்பா."

அவர் காதிலிருந்த மிஷினைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு மனம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே பத்துப் பேர் வாங்கில் இருந்தார்கள். வேலையைப் பார்க்க வேண்டும்.

2

"மிஷின் இல்லாத காலத்திலை வெடிக்கு என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"அப்பவும் ஓட்டம்தான். கதவு அடிச்சாலும் ஓடுவன், தேங்காய் விழுந்தாலும் ஓடுவன். எல்லாம் ஒரே தொம். இதைப் போட்ட பிறகு கதவு கதவாக் கேக்குது, தேங்காய் தேங்காயாக் கேக்குது. வெடி ஒண்டுதான் மிச்சம்."

அவருடைய காதைப் பரிசோதித்து எடுத்த ஓடியோகிராம் வரைபடமும் அதையே காட்டியது. கூர்மையான ஒலி ஒன்றும் காதுக்குள் போகாது. அடித்தொனி மட்டும் போய்ச் சேரும். குறையக் கேட்பவருக்குப் பயமும் குறைவாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"வெடியிலை எது பொல்லாதது? சத்தமோ?"

"சத்தமில்லை மிஸ். எப்ப வருமெண்டு தெரியாததுதான். கொளுத்திற ஆளைக் கண்டால் நிப்பன் எண்டு நினைக்கிறன்."

மிஷினை வாங்கிக் கம்பியூட்டரில் மாட்டி, பெரிய சத்தங்களுக்கான உச்ச அளவைக் குறைத்தேன். பிறகு அவர் காதில் போட்டு, சுவிட்ச் இருக்கும் இடத்தைத் தடவிக் காட்டினேன்.

"நிப்பாட்டலாமோ? கழட்டப்படாதெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"நிப்பாட்டலாம். பிறகு போடவேணும்."

அதை அங்கேயே இருந்து பழகினார். ஜெனிற்றா மாப்பிள்ளை வீட்டுக்கு ஃபோன் எடுத்து, வெடி இருக்கட்டும், கொளுத்துகிறவர் முதலில் அப்பாவுக்குக் கை காட்டட்டும் என்றாள்.

3

கலியாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பாதிரியார் கேட்டதும் ஜெனிற்றா கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிடுவதுபோல் "ஓம்" என்றாள். கோயிலே சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை, லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

வாசலில் வெடி கட்டியிருந்தார்கள். கொளுத்துகிறவர் சொல்லி வைத்தபடி ஐயாவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஐயா சுவிட்சைத் தடவி மிஷினை நிறுத்தினார். சரம் முழுவதும் வெடித்து முடியும்வரை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. புகை அடங்கியதும் மிஷினைப் போட்டார்.

அப்போதுதான், வெடிக்காமல் கிடந்த ஒன்று பிந்தி வெடித்தது.

ஐயா குனிந்துவிட்டார். ஜெனிற்றா கூறைச் சேலையோடு அவர் பக்கத்தில் குந்தினாள். அவர் மெல்ல நிமிர்ந்து நிலத்தில் சிதறிக் கிடந்த கடதாசியைப் பார்த்தார்.

"அது வெடி" என்றார். பிறகு மகளிடம், "எழும்பு பிள்ளை, சீலை ஊத்தையாப் போகும்" என்றார்.

இப்போது கிளினிக்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சுவிட்சை முதலில் காட்டுகிறேன். நாள் முழுக்கப் போடச் சொல்வது அதற்குப் பிறகுதான்.